கறையும் கலையும்

தீய வழியிற் பயன்பட்ட பொருளைக் கொண்டு ஆக்கப்படும் அழகும் தீயதாகுமோ? ஆப்பிரிக்கச் சிற்பி ஒருவரின் படைப்புகள் இவ்வினாவை நம்முன் வைக்கின்றன.

எல் அனட்சுயி 1944இல் கானா நாட்டில் எவே இனத்திற் பிறந்தவர். 1975 முதல் பல்லாண்டுகள் நைஜீரியாவின் நுசுக்கா நகரில் பல்கலைக்கழக ஆசிரியராக விளங்கியவர். கானாவின் புகழ்பெற்ற கெண்டே துணியைத் தறியில் ஒடுங்கிய பட்டைகளாக நெய்து, பின்னர் இணைத்துத் தைத்து அகன்ற ஆடையாக்குவர். அம்மரபை நினைவூட்டும் வகையில் அனட்சுயி உலோகத்தைக் கையாண்டார். பால் டப்பா மூடிகளும், மரவள்ளிக்கிழங்கு துருவும் துளைத்தகடுகளும் அவர் கையிற் சிற்பமாயின. 1990களின் இறுதியில் மதுப்புட்டி மூடிகள் நிறைந்த மூட்டையொன்று அவருக்குக் கிடைத்தது. உதவியாளர் பலர் மூடிகளைத் தட்டையாக்கி, மடித்து, முறுக்கிச் செப்புக்கம்பியாற் பிணைக்க, பொன்னாடை போன்று மடிந்து தொங்கும் பெருந்திரைகள் உருவாயின. 2015இல் வெனிஸ் கலைவிழா அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான பொற்சிங்க விருதை வழங்கிற்று.

மதுவை இல்லத்துள் புகவிடாத நம் குடும்பத்தார், ‘இம்மூடிகளைப் போற்றுவது தகுமோ?’ என வினவலாம். முறையான வினாவே அது. முன்னாளில் ஐரோப்பியக் கப்பல்கள் மேலை ஆப்பிரிக்கக் கரைக்கு மதுவையும் பிற சரக்குகளையும் கொணர்ந்து, அவற்றுக்கு ஈடாக மனிதரை அடிமைகளாகக் கொண்டு சென்றன. அவ்வடிமைகள் அமெரிக்கத் தோட்டங்களில் விளைவித்த கரும்பிலிருந்து மீண்டும் மது வடிக்கப்பட்டது. அனட்சுயி இவ்வரலாற்றை மறைப்பவரல்லர். மூடிகளில் அச்சிட்ட மதுப்பெயர்கள் பலவற்றை அவர் அழிக்காமலே விடுகிறார். தொலைவில் நின்று பட்டாடையென வியந்தவர், அணுகியதும் அப்பெயர்களைப் படிக்க நேர்கிறது.

அழகு தீமையைக் கழுவிவிடாது. மூடி சிற்பமானதால், மனிதரை விற்றவர் குற்றம் நீங்கிவிடவில்லை. ஆயினும் அக்குற்றம் செய்தவரைச் சார்ந்ததேயன்றித் தகரத்தைச் சார்ந்ததன்று. தகரத்தை அருவருத்து எறிந்துவிட்டால், அதனோடு அம்மனிதரின் துயரையும் மறந்துவிடுகிறோம். மறக்கவிடாமல் நம்மை நிறுத்துவதனால் இக்கலை போற்றத்தக்கதென்பதே நம் கருத்து.

நம் இல்லங்களிலும் நாள்தோறும் எத்தனையோ பொருள்கள் வந்து, பயன்பட்டு, குப்பைக்குச் செல்கின்றன. அவற்றை ஆக்கியவர் எவர், அதன்பொருட்டுத் துன்புற்ற உயிர்கள் எவை என்று வாங்குமுன் ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக.