குடியா, கனவா: எதற்கு முதலில் மருந்து?

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் பலருக்கு ஊரில் எதிரியாக நின்றது இரவு. கதவுத் தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பார்கள். கண்ணை மூடினால் காடு. விஸ்கி உள்ளே போனால் உறக்கம் வரும். ஆனால் போதை வடியும் பின்னிரவில் தூக்கம் கலைந்து, அதுவரை அமுங்கிக் கிடந்த கனவுகள் முன்னிலும் மூர்க்கமாக வரும். மறுநாள் இன்னொரு கிளாஸ் கூடும்.

இந்த மனக்காயத்தை அமெரிக்க மனநல மருத்துவம் தனி நோயாக ஏற்றது 1980இல்தான். அதன் பிறகும் பல இடங்களில் அவர்களுக்குக் கிடைத்த பதில், "முதலில் குடியை விட்டுவிட்டு வா." கனவுக்குப் பயந்து குடிப்பவன் எங்கே போவான்? நெடுநாள் மிதமிஞ்சிக் குடித்தவர் மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் சட்டென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அப்படிப்பட்டவரை வாசலிலிருந்து திருப்பி அனுப்புவதை வைத்தியம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

நடந்ததைப் பேசவைத்தால் மேலும் குடிப்பார்கள் என்ற அச்சம் மருத்துவர்களுக்கு இருந்தது. ஃபிலடெல்ஃபியாவில் உளவியலாளர் எட்னா ஃபோவாவின் குழு இதைச் சோதித்தது. குடிநோயும் இந்த மனக்காயமும் சேர்ந்திருந்த 165 பேரில் ஒரு பாதிக்குக் குடிநோய் மருந்தான நால்ட்ரெக்சோன், மறுபாதிக்கு மருந்தில்லாத மாத்திரை. இரு பக்கத்திலும் சிலருக்கு மட்டும், அந்தக் கொடிய நினைவை மீண்டும் மீண்டும் சொல்லிக் கடக்கும் சிகிச்சை. முடிவு 2013இல் வந்தது. நால்ட்ரெக்சோன் எடுத்தவர்கள் குடித்த நாட்கள் குறைந்தன. நினைவைப் பேசியதால் குடி கூடியதாகத் தெரியவில்லை. சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது எல்லாப் பிரிவிலும் குடி கொஞ்சம் திரும்பியிருந்தது. மருந்தையும் நினைவுச் சிகிச்சையையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அது மற்றவர்களைவிடக் குறைவு.

நால்ட்ரெக்சோன் குடியின் கிளர்ச்சியை மட்டுப்படுத்தும்; கனவைத் தொடாது. கனவுக்கென்று நம்பப்பட்டது இரத்த அழுத்த மருந்தான பிரசோசின். அதுவும் 2018இல் 304 முன்னாள் படைவீரர்களிடம் நடந்த பெரிய ஆய்வில் வெற்று மாத்திரையை விஞ்சவில்லை. ஒரே மாத்திரையில் தீர்வு தேடுபவர்களுக்கு இது ஏமாற்றம்தான். ஒருவரின் எல்லா நோய்களையும் சேர்த்துப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போர்க்காய வலிக்கு ஓபியாய்டு மாத்திரை எடுப்பவருக்கு நால்ட்ரெக்சோன் கொடுக்கக் கூடாது; வலி மருந்தை முடக்கிவிடும், கடும் விலகல் துன்பத்தையும் உண்டாக்கும். குடிக்கு மருந்தெழுதும் மருத்துவர், வலிக்கு எழுதியவரின் சீட்டையும் கையில் வாங்கிப் பார்த்தே ஆக வேண்டும்.