வித்துக் காவலும் வினைக் கொள்கையும்

புற்றுநோய்க்கு மருத்துவம் தொடங்குமுன் ஆடவன் ஒருவன் பிற்கால மகப்பேறு கருதித் தன் வித்தினைச் சேமித்து வைத்தல் சைவ நெறிக்கு ஒக்குமோ ஒவ்வாதோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

எம்பால் சித்தியார் பாடங் கேட்ட மாணவர் ஒருவர்க்கு 22-ஆம் அகவையில் அந்நோய் வந்துற்றது. மருந்தேற்றுமுன் வித்தினைச் சேமிக்கலாம் என்றனர் மருத்துவர். பெற்றோர் நாணி, எம்மை வினவினர். யாம், எல்லாம் வினைவழியே என்று கூறி அமைந்தேம். மாணவர் நோய் நீங்கி வாழ்கின்றார், மணமும் ஆயிற்று, மகப்பேறு வாய்த்திலது. அன்று யாம் கூறிய விடை சித்தாந்தமாமோ என்னும் ஐயம் எம்மை விட்டிலது.

மருத்துவ நூலார் கூறுவது வருமாறு: கீமோதெரபி மருந்துகள் விரைந்து பெருகும் அணுக்களை அழிப்பன, ஆகலின் புற்றணுக்களோடு விந்தணுவைப் பிறப்பிக்கும் அணுக்களையும் தாக்குவன. விதைப்பையிற் படும் கதிர்வீச்சும் அத்தகைத்தே. சிலர்க்கு அவ்வாற்றல் சில ஆண்டுகளில் மீளும், சிலர்க்கு மீளாது, இன்னார்க்கு மீளுமென முன்னரே துணிதல் அரிது. ஆகவே முதன் மருந்துக்கு முன்னரே வித்தினைப் பெற்று, திரவ நைட்ரஜனில், சுழிக்குக் கீழ் 196 பாகை செல்சியஸ் குளிரில் வைத்துக் காப்பர். அங்ஙனம் உறையவைத்த வித்தாற் கரு உண்டானமை அமெரிக்க நாட்டில் 1953-இல் வெளியிடப்பட்டது. இந்திய நாட்டின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைச் சேமிக்க இடந்தருகின்றது.

அற்றேல், மகவின்மை நுகர்வினைப் பயனாயின், அதனைத் தடுக்க முயறல் இறைவன் ஆணையை மறுத்தலாமன்றோ எனின், அற்றன்று. நுகர்வினை இன்னதென உயிர் முன்னறிய மாட்டாது. அறியாததனைத் தானே வரையறுத்து முயற்சி ஒழிதல் பணிவன்று, மடியேயாம். அன்றியும், நோய்க்கு மருந்துண்டலை யாம் விலக்கிற்றிலேம்; வித்துக் காவலுக்கு மட்டும் வினையை எடுத்துக் கூறினேம். இது நடுவுநிலையன்று. திருக்கொடிமாடச் செங்குன்றூரில் அடியாரைக் குளிர்சுரம் பற்றியபொழுது, திருஞானசம்பந்தப் பிள்ளையார் வினையென்று வாளா இருந்திலர். உய்யும் வழி தேடாமை குறையென உணர்த்தித் திருநீலகண்டப் பதிகம் அருளிச்செய்தனர். ஆண்டு வழி இறைவனை வேண்டுதல். ஈண்டு வழி மருத்துவம். இரண்டும் அவன் தந்தனவே.

பிறவி அறுத்தலைப் பயனாகக் கொண்டார் பிறவிக்குத் துணையாதல் தகுமோ எனின், உயிர்கள் தத்தம் வினையாற் பிறவி எய்துவன. ஒருவன் மகவு பெறாமையால் ஓருயிரின் பிறவியும் அறாது. வீட்டுநெறி தேடுதற்குரிய மானுட உடம்பு ஓருயிர்க்கு வாய்க்கத் துணைநிற்றல் இல்லறத்தார்க்கு இழுக்காமாறு யாண்டையது?

மகவை விரும்புதலும் விரும்பாமையும் நோயுற்றான் உரிமை. பெற்றோர் நாணத்தாலும், ஆசிரியர் சாத்திரச் சொல்லாலும், அவன் கேட்டறியற்பாலதனை மறைத்தலே குற்றம். காலம் தாழ்ப்பின் அவ்வாயில் அடைபடும். ஆதலின் மருந்துக்கு முன்னரே அவனுக்கு உள்ளவாறு உரைத்தல் கடன்.

அம்மாணவர் இன்றும் எம்மைக் காண வருகின்றார்; ஒருநாளும் எம்மை நொந்து கூறிற்றிலர். அதனால் எம் பிழை குறைந்ததாக யாம் கருதுகின்றிலேம்.