மூச்சும் பாலுமே அளவுகோல்

பிறந்த குழந்தையின் வாயிலிருந்து இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கட்டி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பெற்றவர்கள் பதறிப்போவது இயல்பு. அந்தப் பதற்றத்தில் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதை எப்போது எடுப்பீர்கள்?" என்பதாகவே இருக்கும். எடுக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி அதற்கு முன்னால் கேட்கப்பட வேண்டியது. இன்னும் பெயர்கூட வைக்கப்படாத, தன் விருப்பத்தைச் சொல்ல வாயில்லாத ஓர் உயிரின் மேல் கத்தி வைக்க எது போதிய காரணம்? அதைத் தீர்மானிக்க வேண்டியவர் யார்?

இத்தகைய கட்டிகளில் ஒன்று பிறவி எபுலிஸ். ஜெர்மானிய நோய்க்குறியியல் அறிஞர் எர்ன்ஸ்ட் நியூமன் 1871இல் இதை விவரித்தார். பெரும்பாலும் மேல் ஈற்றின் முன்பகுதியில் முளைக்கும். ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளிடம் ஏறத்தாழ எட்டு முதல் பத்து மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது. சில மில்லிமீட்டரோடு நிற்பதும் உண்டு. வாயை மூட முடியாதபடி பல சென்டிமீட்டர் வளர்ந்திருப்பதும் உண்டு. இது புற்றுநோய் அன்று. பிறந்த பிறகு பொதுவாக வளர்வதில்லை. எடுக்கும்போது சிறிது விட்டுப்போனாலும் மீண்டும் முளைப்பதில்லை. சிறிய கட்டிகள் தாமாகவே சுருங்கி மறைந்ததையும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கட்டி பெரிதாகி, குழந்தையை மார்பில் வாய் வைக்கவிடாமல் தடுத்தாலோ மூச்சை அடைத்தாலோ விவாதத்துக்கு இடமில்லை. கட்டியை அதன் காம்போடு வெட்டியெடுக்கும் சிறிய அறுவை சிகிச்சை போதும். விரைவிலேயே குழந்தை பால் குடிக்கத் தொடங்கிவிடும். அங்கே நல்ல நாள் பார்த்துத் தள்ளிப்போடுவது அறமாகாது.

அறச்சிக்கல் எழுவது சிறிய கட்டியில்தான். குழந்தை பால் குடிக்கிறது, மூச்சு சீராக இருக்கிறது, எடையும் கூடுகிறது. ஆனாலும் வாய் திறக்கும்போதெல்லாம் கட்டி கண்ணில் படுகிறது. உடனே எடுத்துவிடலாம் என்பவர்களின் வாதங்களை எளிதில் ஒதுக்க முடியாது. எடுத்தால் தொல்லை தீர்ந்தது, தாய் மனக்கலக்கமின்றிக் குழந்தையைக் கொஞ்சுவாள் என்கிறார்கள். எடுத்த சதையைச் சோதித்தால்தான் அது என்ன கட்டி என்பது உறுதியாகும் என்றும் சொல்கிறார்கள்.

இவற்றில் கடைசி வாதமே மிக வலுவானது. குழந்தையின் முதல் வயதுக்குள் மேல் தாடையில் தோன்றி, வேகமாக வளர்ந்து எலும்பை அரிக்கும் வேறு அரிய கட்டிகளும் உண்டு. கட்டியின் தன்மை பற்றி மருத்துவருக்கு உண்மையான ஐயம் இருந்தால், எடுத்துச் சோதிப்பது குழந்தையின் நலனுக்கே ஆகும். தாயின் மனக்கலக்கமும் சின்ன விஷயமன்று. ஆனால் அதற்கான மருந்து குழந்தையின் உடலில் இல்லை. நோயின் தன்மையை மருத்துவர் உட்கார்ந்து, பொறுமையாக, தாய்க்கு விளங்கும் சொற்களில் எடுத்துச் சொன்னாலே அக்கலக்கத்தில் பாதி நீங்கிவிடும். உறவினர் பார்வைக்கு அஞ்சிச் செய்யும் அறுவை சிகிச்சைக்கோ எந்த நியாயமும் இல்லை.

பெரியவர்களின் எண்ணம் குழந்தையின் நலனாக மாறிப்போவது எவ்வளவு எளிது என்பதற்கு மருத்துவ வரலாறே சான்று. பச்சிளங்குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது, மயக்க மருந்தை அது தாங்காது என்ற நம்பிக்கை 1980கள் வரை நீடித்தது. உடலை அசையவிடாமல் செய்யும் மருந்தோடு, வலி நீக்க மருந்து மிகக் குறைவாகவோ இல்லாமலோ அறுவை சிகிச்சைகள் நடந்தன. 1987இல் கே.ஜே.எஸ். ஆனந்தும் அவருடைய சக ஆய்வாளர்களும் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையை அசைத்தது. தகுந்த வலி நீக்க மருந்து பெற்ற குறைமாதக் குழந்தைகளே அறுவை சிகிச்சையின் தாக்கத்தை நன்றாகத் தாங்கினார்கள். பேச முடியாதவரின் வேதனையை இல்லையென்று சொல்லிவிடுவது கற்றறிந்தவர்களுக்கும் எளிதாகவே இருந்திருக்கிறது.

மயக்க மருந்து பற்றிய எச்சரிக்கை வேறொரு திசையிலிருந்தும் வந்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நீண்ட நேரமோ பலமுறையோ மயக்க மருந்து தந்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016இல் எச்சரித்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஒரேயொரு மயக்கம் ஐந்து வயதில் அறிவுத்திறனைக் குறைக்கவில்லை என்று 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. ஆகவே தேவையான அறுவை சிகிச்சைக்குப் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. தேவையற்றதைச் செய்துகொள்ள அது அனுமதிச் சீட்டும் ஆகாது.

எபிக்னாதஸ் என்ற கட்டி வரும்போது கேள்வி இன்னும் கடினமாகிறது. அண்ணத்திலோ தொண்டையிலோ தோன்றி வாயை நிறைத்து நிற்கும் இது, சில குழந்தைகளில் மண்டையோட்டுக்குள்ளும் பரவியிருக்கும். கருவிலுள்ள சிசு விழுங்க முடியாததால் பனிக்குட நீர் பெருகும். ஸ்கேனில் கட்டி தெரியவரும். தொப்புள்கொடி துண்டிக்கப்பட்ட உடனே குழந்தைக்கு மூச்சுவழி இல்லை. அந்த நிலையில் கைகொடுப்பதுதான் எக்ஸிட் என்ற முறை. தாயின் வயிற்றைத் திறந்து குழந்தையின் தலையையும் தோளையும் மட்டும் வெளியே எடுத்து, நஞ்சுக்கொடி வழியே உயிர்க்காற்று வந்துகொண்டிருக்கும்போதே மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவார்கள். முடியாவிட்டால் கழுத்தில் துளையிடுவார்கள். அதன் பிறகே கொடியை வெட்டுவார்கள்.

இதில் உயிர் பிழைப்பது குழந்தை. அதற்காகத் தன் உடலைப் பணயம் வைப்பவள் தாய். கருப்பை சுருங்கிவிடாதபடி ஆழ்ந்த மயக்கம் தரப்படுவதால் அவளுக்கு இரத்தப்போக்கு மிகும் ஆபத்து உண்டு. மருத்துவ நோக்கில் அவள் உடலுக்கு இதனால் நன்மை ஏதுமில்லை. பிள்ளைக்காகத் தாய் எதையும் தாங்குவாள் என்று புகழ்ந்து பேசுவது நம் வழக்கம். அந்தப் புகழ்ச்சியே அவள் மறுத்துப் பேச முடியாதபடி வாயை அடைத்துவிடக் கூடாது. அவள் மனமுவந்து ஏற்றால் அது பெருந்தியாகம். பிறர் அவள்மேல் சுமத்தினால் அது வன்முறை. சுயநினைவுள்ள, வயதுவந்த நோயாளியின் உடல்மீதான சிகிச்சைக்கு அவருடைய ஒப்புதலே வேண்டும், உறவினர் தரும் ஒப்புதல் அதற்கு ஈடாகாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2008இல் ஒரு பெண்ணின் வழக்கில் தீர்ப்பளித்தது. கணவரோ மாமியாரோ போடும் கையெழுத்து தாயின் சம்மதமாகாது.

அந்தச் சம்மதம் உண்மையானதாக இருக்க, முழுத் தகவலும் அவளுக்குத் தரப்பட வேண்டும். ஸ்கேனில் தெரியும் ஒரு வாய்க்கட்டி எளிதில் அகற்றக்கூடிய எபுலிஸாகவும் இருக்கலாம், பிழைப்பதே அரிதான எபிக்னாதஸாகவும் இருக்கலாம். எது உறுதி, எது ஊகம், அந்த மருத்துவமனையால் எது இயலும், எது இயலாது என்பதை மறைக்காமல் சொல்வது மருத்துவரின் கடமை.

குழந்தையின் குறைக்குக் கிரகண நேரத்தில் தாய் வெளியே வந்ததைக் காரணம் காட்டும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. தாய் செய்த எதனோடும் இக்கட்டிகளுக்குத் தொடர்பு கண்டறியப்படவில்லை. குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டவளால் தெளிந்த மனத்தோடு முடிவெடுக்க முடியாது. அவளைப் பழிப்பவர்கள் குழந்தைக்கும் சேர்த்தே தீங்கு செய்கிறார்கள்.

மூச்சோ பாலோ தடைப்பட்டால் ஒரு நாளும் தாமதிக்காமல் குழந்தை அறுவை சிகிச்சை நிபுணரிடம் கொண்டுசெல்லுங்கள். இரண்டும் சீராக இருந்து, மருத்துவருக்கும் ஐயமில்லையென்றால், அவருடைய கண்காணிப்பில் குழந்தைக்குக் கொஞ்சம் காலம் கொடுங்கள். தாயின் உடல் பணயமாகும் இடத்தில் முடிவைத் தாயிடமே விடுங்கள்.