நாயின் ஐயம்

திருவாதவூர் வயல்வரப்பில் நாள்தோறும் நடப்பவரை ஊர்நாய் ஏறிட்டும் பாராது. அவரே ஒருநாள் தலையில் வைக்கோற்கட்டுடனோ, கால் நொண்டியோ வந்தால் குரைக்கும். சினமன்று, ஐயம். அவர் நின்று குரல் கொடுத்தால் மோந்து பார்த்து வாலாட்டும், ஐயம் தீர்ந்தது.

2021இல் ஜெர்மானிய ஆய்வாளர் 51 நாய்களைச் சோதித்தனர். தின்பண்டத்தை வேண்டுமென்றே தர மறுத்தவரிடம் செல்ல அவை வெகுநேரம் தயங்கின. தர முயன்று கைதவறியவரிடம் விரைந்தன. நாய் உள்ளக்கருத்தை அறியுமோ என்பதை அறிஞர் விவாதிக்கட்டும். விளைவொன்றை மட்டுமே அது பார்க்கவில்லை என்பது தெளிவு.

இவ்வூரில் பிறந்த மாணிக்கவாசகர் பணிவினால் தம்மையே நாயென்றார். நாமோ பிறரை இழிக்கவே அச்சொல்லை எடுக்கிறோம்!

தெருவில் தனக்குத்தானே பேசிச் செல்பவனை நாயும் குரைக்கிறது, நாமும் நகைக்கிறோம். நாய் மோந்தபின் ஓய்ந்துவிடும். ‘பைத்தியம்’ என்று ஒருமுறை பெயரிட்ட நாம், அவன் உண்டானா என்று வினவவும் அருகே செல்வதில்லை.