கடல் தந்த சாட்சி

அறிவு இருந்தால் அழிவு வாராது என்கிறோம்; மேடைதோறும் கூறுகிறோம். அறிவு இருந்தும் அழிவு வந்ததே, அதற்கு என்ன விடை கூறப்போகிறோம்?

அமெரிக்க விண்வெளி ஓடத்தை வானுக்கு உந்தியவை, பக்கத்துக்கொன்றாகப் பிணைக்கப்பட்ட இரு ராக்கெட்டுகள். இரண்டே நிமிடம் எரியும். பிறகு கழன்று, பாராசூட்டுகளின் துணையுடன் அட்லாண்டிக் கடலிலே வீழும். மெல்லவா? மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில்! அந்த வேகத்திலே தண்ணீரும் பாறைதான். எனவே 1970-களில், சிறு மாதிரிகளைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தனர். விமானத்திலிருந்து பெரும் எடையை இறக்கிப் பாராசூட்டைச் சோதித்தனர். அடிப்புறம் முதலில் நீரில் பாய, உள்ளே சிறைப்பட்ட காற்று கூட்டினை நிமிர்த்தி மிதக்க வைக்கும். கப்பல்கள் இழுத்து வரும். 1982-இல் ஒருமுறை பாராசூட்டுகள் தவறிட, இரண்டும் மூழ்கின.

சிக்கனம் ஒரு பயன். மற்றொன்றையே நாம் பெரிதென மதிக்கிறோம்: எரிந்து மீண்ட கூடு, நடந்ததைத் தன் மேனியிலே எழுதிக்கொண்டு வந்தது! 1985 ஜனவரியில், குளிர் நாளொன்றில் ஏவப்பட்டவற்றைப் பிரித்தபோது, இணைப்பை அடைக்கும் முதல் ரப்பர் வளையத்தைத் தாண்டிக் கரும்புகை படிந்திருந்தது. குளிரிலே ரப்பர் விறைக்கும். நெருப்புக்கு வழி கிடைக்கும். பொறியியல் வல்லுநர் ரோஜர் பாய்ஷோலி கண்டார், எழுதி எச்சரித்தார்.

1986 ஜனவரி 27, இரவு. மறுநாள் கடுங்குளிர். ஏவவேண்டாம் என்றனர் வல்லுநர்கள். ஆபத்து உண்டென்பதை மெய்ப்பிக்கும் பொறுப்போ, அவர்கள் தலையிலேயே சுமத்தப்பட்டது! மெய்ப்பிக்க வேண்டியவர் யார்? ஏவுகிறவரா, எச்சரிப்பவரா? இதுவரை மீண்டு வந்தது, இனியும் வரும் என்ற வாதம்! பாட்டன் காலத்திலிருந்து நடக்கிறதே என்போரிடம் நாம் கேட்ட அதே குரல், விஞ்ஞானக் கூடத்திலும் ஒலித்தது.

மறுநாள், 73 நொடிகள், எழுவர் மாண்டனர். அவருள் கிறிஸ்டா மெக்காலிஃப், நம்மைப்போல் ஒரு பள்ளி ஆசிரியை. வகுப்பறைகளில் மாணவர்கள் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தனர்.

ஏன் என்று கேள் எனக் கற்பிக்கிறோம். கேட்டவன் சொல் மேலிடத்திலே தோற்றால் அவன் கடமை முடிந்ததா? பாய்ஷோலி தோற்றார், ஆனால் விசாரணைக் குழுவின் முன் ஒளிக்காமல் உரைத்தார், உடன் பணியாற்றியோரின் பகையையும் ஏற்றார். அவரைக் குறைகூற நமக்கு மனமில்லை. முடிவெடுத்தோரை அறியாதவர் என்று விடுவிக்கவும் ஒப்போம்.

ஏப்ரலில், வலப்புற ராக்கெட்டின் துண்டொன்றைக் கடலடியிலிருந்து எடுத்தனர். இணைப்பருகே, தீ தின்ற ஓட்டை அதில் இருந்தது.