கயிறு யார் கையில்?

தகுதியுள்ளவனைத்தான் நம்ப வேண்டும் என்பார்கள். நம்பிப் பார்க்காமல் ஒருவனுடைய தகுதியை எப்படி அறிவது? இந்தக் கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு.

கலிபோர்னியாவில், பிரீமான்ட் நகரில், ஜெனரல் மோட்டார்ஸின் கார்த் தொழிற்சாலை 1982-இல் மூடப்பட்டது. வேலைக்கு வராதவர்கள், ஓயாத தகராறு, மட்டமான வண்டிகள் என்று பழியெல்லாம் தொழிலாளர் தலையில் விழுந்தது. 1984-இல் ஜப்பானிய டொயோட்டா கம்பெனி, ஜெனரல் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து அதே ஆலையைத் திறந்தது. சங்கம் அதே சங்கம். ஆட்களிலும் பெரும்பாலோர் பழையவர்களே. புதிதாக வந்தது ஒரு கயிறு! குறை கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். குறை உடனே தீராவிட்டால் வேலை வரிசையே நின்றுவிடும். முன்பு வரிசையை நிறுத்துவது பெருங்குற்றம். வேலைமுறையை வகுப்பதிலும் தொழிலாளருக்குப் பங்கு கிடைத்தது. சில ஆண்டுகளிலேயே தரத்தில் அந்த ஆலை ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளின் முன்வரிசைக்கு வந்துவிட்டது.

மனிதர்கள் மாறவில்லை, அவர்களைப் பற்றிய எண்ணம் மாறியது. பொறுப்பைக் கொடுத்த பிறகே பொறுப்புணர்ச்சி வருகிறது என்பேன் நான்.

ஆனால் 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸ் விலகியது. 2010-இல் டொயோட்டா ஆலையை மூடியது. அந்த முடிவை நிறுத்த எந்தக் கயிறும் தொழிலாளியின் கைக்கு எட்டவில்லை. வண்டியின் குறையைச் சொல்ல உரிமை பெற்றவனுக்குத் தன் வாழ்வைப் பற்றிச் சொல்ல உரிமை இல்லையென்றால், அது பாதி நம்பிக்கைதானே?