மார்த்தாள் கட்சி

காலை நாலே முக்காலுக்கு அலாரம். இட்லி, சட்னி, இரண்டு டிபன் பாக்ஸ், மூத்தவளின் இரட்டைப் பின்னல், எட்டு மணி வேன் என்று நாள் பிடரியைப் பிடித்துத் தள்ளுவதற்கு முன்னால் கிடைக்கும் முதல் கால் மணி நேரம்தான் என் தனி ஜெபம். ஏற்பாடு அப்படி. நடப்பது வேறு. மிக்ஸி ஓடினாலும் அசையாமல் தூங்கும் என் மூன்று வயது மகன், நான் முழங்கால்படியிட்ட மறு நிமிஷம் கண் விழிப்பான். என் முழங்காலில் ஏதாவது சுவிட்ச் இருக்கிறதோ என்று சந்தேகம். “எம்மா, ஒண்ணுக்கு.” ஆண்டவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு எழுந்து போவேன். திரும்பி வருவதற்குள் பால் பொங்கியிருக்கும்.

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் வருஷத்துக்கு ஒரு முறையாவது யாராவது சூசன்னா வெஸ்லியின் கதையைச் சொல்லிவிடுவார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கும், ஆயிரக்கணக்கில் ஞானப்பாட்டு எழுதிய சார்லஸ் வெஸ்லிக்கும் தாயார். இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் போதகர் மனைவி. பெற்றது 19. பாதிப் பேரைக் குழந்தையிலேயே பறிகொடுத்தவர். அத்தனை பேர் நடமாடும் வீட்டில் ஒதுங்க இடமில்லாமல், ஏப்ரனைத் தூக்கித் தலைமேல் போட்டுக்கொண்டு ஜெபிப்பாராம். ஏப்ரன் தலைக்கு ஏறிவிட்டால் பிள்ளைகள் வாயைத் திறக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். இந்தக் கதை முடிந்ததும் கூட்டத்தில் ஒரு சின்ன மௌனம் விழும். இரண்டு பெற்றதற்கே மூச்சு வாங்குகிற என்னைப் போன்றவர்கள் அப்போது கைப்பையில் எதையாவது தேடிக்கொண்டிருப்போம்.

ஒரு நாள் நானும் முயன்று பார்த்தேன். ஏப்ரனுக்கு எங்கே போக? நைட்டிக்கு மேல் போட்டிருந்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அடுக்களை மூலையில் உட்கார்ந்தேன். உள்ளே இருட்டு, முந்தின நாள் மீன் குழம்பு வாடை. பரவாயில்லை, கலிலேயாக் கடலை நினைத்துக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினேன். அரை நிமிஷம் இருக்கும். துண்டின் ஓரத்தை ஒரு பிசுபிசுத்த கை தூக்கியது. “கண்டுபிடிச்சிட்டேன்!” மகன் உள்ளே வந்து என் மூக்கோடு மூக்கை வைத்தான். “இப்ப நான் ஒளியுறேன். நீங்க எண்ணுங்க.” பத்து வரை எண்ணினேன். அன்றைய ஜெபம் அவ்வளவுதான்.

இந்தச் சத்தமும் ஜெபம்தான், பிள்ளை வளர்ப்பே ஆராதனைதான் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணமாகி வெளியூரில் இருப்பார்கள். எனக்கு அந்தச் சமாதானம் வேண்டாம். அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொள்ளத்தான் ஆசை. கிடைக்கவில்லை என்று கோபமும் உண்டு. ஆண்டவர்மேலா, வீட்டுக்காரர்மேலா என்று இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளைச் சொல்லவே வேண்டாம். ஒரு ஸ்கூட்டரில் நாலு பேர், ஒரு பால் பாட்டில், பாமாலை, வேதாகமம், மாற்றுக் கால்சட்டை. காணிக்கைக்குப் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு பத்து ரூபாய் நாணயம் கொடுப்பேன். மூத்தவள் பயபக்தியோடு போட்டுவிடுவாள். போன மாதம் சின்னவனும் போட்டான். போட்டுவிட்டுக் கையை நீட்டியபடியே நின்றான். காணிக்கைப் பை அடுத்த வரிசைக்கு நகர்ந்ததும், கோயில் முழுக்கக் கேட்கும்படி, “மிட்டாய் தரல!” என்றான். காசு கொடுத்தால் மிட்டாய் வரும் என்று முக்குக் கடையில் நான்தான் பழக்கியிருக்கிறேன். அவனைக் குறை சொல்ல முடியாது.

மூத்தவள் மட்டும் என்ன? ஓய்வுநாள் பள்ளியில், இயேசு வளர்ந்த நாசரேத்துக்கு எப்படிப் போவது என்று தோழியிடம் விளக்கியிருக்கிறாள். திருநெல்வேலியில் திருச்செந்தூர் ரயில் ஏற வேண்டும், இறங்கினால் எங்கள் ஆச்சி வீடு பக்கம்தான். மிஷனரிகள் நம் பக்கத்து ஊருக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டுப் போனதில் வந்த குழப்பம். எனக்கென்னவோ திருத்த மனம் வரவில்லை.

ஒரு ஞாயிறு, வெளியூரிலிருந்து வந்த தேவசெய்தியாளர் மார்த்தாள், மரியாள் சகோதரிகளைப் பற்றிப் பேசினார். மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்தாள். மார்த்தாள் வேலை வேலை என்று அலைந்து கடிந்துகொள்ளப்பட்டாள். சகோதரிகளே, நீங்கள் யார்? நாற்பது நிமிஷம். நான் யார் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. அன்று மதியம் அவருக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில். இரவே கறி ஊறப்போட்டிருந்தேன். பிரியாணி, தால்ச்சா, வெங்காயப் பச்சடி. அத்தை அப்பளம் பொரிக்க, நான் வியர்க்க வியர்க்கப் பரிமாற, என் கணவர் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். முழு மரியாள். செய்தியாளர் இரண்டாம் முறையும் தட்டை நீட்டினார். தேவனுக்கு மகிமை, கறி நன்றாக வெந்திருந்தது.

அன்று இரவு பாத்திரம் கழுவி முடித்துவிட்டு யோவான் சுவிசேஷத்தைப் புரட்டினேன். அந்தச் சகோதரிகளின் கூடப்பிறந்தவன் லாசரு செத்து நாலு நாளான பிறகு இயேசு வருகிறார் என்று தெரிந்ததும் ஊருக்கு வெளியே போய் எதிர்கொண்டது மார்த்தாள். நீர் வந்திருந்தால் இப்படி ஆகியிருக்காதே என்று முகத்துக்கு நேரே முதலில் கேட்டதும் அவள்தான். அதே மூச்சில், நீரே கிறிஸ்து என்று விசுவாசத்தை அறிக்கையிட்டதும் அவள்தான். மரியாள் அப்போது வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த அதிகாரத்தில் பெத்தானியாவில் இன்னொரு விருந்து. அங்கேயும் மார்த்தாள் பரிமாறுகிறாள். இந்த முறை அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பகுதியை வைத்து யாராவது நாற்பது நிமிஷம் பேசினால் முதல் வரிசையில் உட்காருவேன், பிள்ளைகள் விட்டால்.

நீதிமொழிகள் 31-இல் வரும் குணசாலியான ஸ்திரீயிடம் மட்டும் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். இருட்டோடு எழுகிறாள், நூல் நூற்கிறாள், நிலம் வாங்குகிறாள், இரவில் விளக்கை அணைப்பதில்லை. கல்யாணங்களில் இதை வாசிக்கும்போது யாரும் கவனிக்காத ஒன்று, 15-ஆம் வசனத்திலேயே அவளுக்கு வேலைக்காரிகள் இருக்கிறார்கள். அவள் கணவனோ மூப்பர்களோடு ஊர் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். சேகரக் கமிட்டி மீட்டிங்காக இருக்கும்.

இரவு எட்டரைக்குப் பாய் விரித்துக் குடும்ப ஜெபம். ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், ஆளுக்கொரு ஜெபம். மூத்தவள் சுவரில் இருக்கும் பல்லியிலிருந்து தொடங்கி எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்வாள். ஒரு நாள், “அம்மா நாளைக்காவது கத்தாம இருக்க உதவி செய்யும்” என்று முடித்தாள். அத்தையின் ஆமென் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கேட்டது.

கடைசியில் எல்லோருமாகக் கர்த்தருடைய ஜெபம் சொல்வோம். சின்னவன் பாதியில் ஓடிவந்து என் மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொள்வான். தினமும் ஒரே இடத்தில், ராஜ்யம் வரவேண்டும் என்று கேட்கும் இடத்தில். பிள்ளைக்கு இந்த வயதிலேயே என்ன ஒரு உணர்வு என்று உருகிப்போயிருந்தேன். அக்காதான் விஷயத்தை உடைத்தாள். “அவனுக்கு ராஜா வந்துரும்னு பயம்மா.”

ராஜா பக்கத்து வீட்டு நாய்.

அப்படியானால் இத்தனை மாதமாக, வீடே உட்கார்ந்து கண்ணை மூடி அந்த நாயை வரச்சொல்லிக் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அவனைத் தட்டிக்கொடுத்து, இது வேற ராஜா, இயேசப்பாதான் அந்த ராஜா என்று சொன்னேன்.

“கடிக்குமா?”

“கடிக்காதுல.”

கொஞ்ச நேரம் யோசித்தான். “கேட்டப் பூட்டியாச்சா?”

என் கணவர் எழுந்து போய் கேட்டைப் பூட்டிவிட்டு வந்தார். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.